பின் கண்ணாடியில் சுரண்டிய இடம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி முடியும்வரை, ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில், புதன்சந்தைக்குக் கொஞ்சம் முன்னால், கார் கழுவும் ஒரு வாட்டர் சர்வீஸ். என்னிடம் கார் கிடையாது. கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பேனாக்களும் இருந்தன.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சித்திரையில் என் மனைவிக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மாதத்தில் வீட்டுக்குள் நன்றாக நடந்தாள். பஸ் ஏறத்தான் முடியவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் டவுன் பஸ்ஸின் முதல் படியை அளந்தேன். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அவளால் இருபது ஏற முடிந்தது. பரமத்தி வேலூரில் அவளுடைய அக்கா இருக்கிறார். இதய நோய்க்காரர், தனிக்கட்டை. மாதம் இரண்டு தடவை போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவது இவள் வழக்கம். சித்திரைக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் போனாள், அதுவும் வாடகைக் காரில். அக்காவோடு முக்கால் மணி நேரம்கூட உட்காரவில்லை, வாசலில் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.

"வாடகை வண்டியில போயி ஆறுதலாப் பேச முடியறதில்லீங்க. அக்கா பக்கத்துல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சு வரோணும்" என்றாள்.

ஆகவே, பழைய கார் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. மகன் உள்ளூரில் இருந்தவரை அவனுடைய காரைப் பல வருடம் நான் ஓட்டியிருக்கிறேன், அதில் பயமில்லை. பயமெல்லாம் வாங்குவதில்தான். ஓய்வு பெற்றபோது வந்ததில் மிச்சம் வைத்திருந்தது ஒரு வண்டிக்குத்தான் காணும். ஏமாந்தால் இரண்டாவது வாய்ப்பு இல்லை.

நாமக்கல்லிலும் சேலம் புறவழிச்சாலையிலுமாக ஐந்து கடைகளைப் பார்த்தேன். ஐந்து பேருமே, "எங்க கஸ்டமரைக் கேட்டுப் பாருங்க சார்" என்று போன் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். சண்டை போட்டவன் நம்பரை எந்தக் கடைக்காரர் கொடுப்பார்? ஐந்து சீட்டையும் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் அரசின் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன் நான். வயலில் இறங்கி, ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டி, அறுத்து, எடை போட்டு, மாவட்டத்தின் நெல் விளைச்சலைக் கணக்கிடுகிற வேலை. எனக்கா கணக்கெடுக்கத் தெரியாது?

பழைய கார்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிற வண்டியின் பின் கண்ணாடியில் கடைப் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி அனுப்புவார்கள். வாட்டர் சர்வீஸுக்கு வருகிறவர்கள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டிக்கரைப் பார்த்து வண்டிக்காரரிடம் போய்ப் பேசினால் உண்மை வந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்பது கேள்விகள் தயாரித்தேன். வண்டியில் சொல்லாத குறை இருந்ததா, ஆர்.சி. பெயர் மாற்றம் எத்தனை நாளில் ஆயிற்று, வாங்கிய பிறகு போன் எடுத்தார்களா என்பது போல. கடைசியில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பேன்.

வாட்டர் சர்வீஸை நடத்தியது நாற்பது நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்மணி. சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் லாரியில் போய்விடுவார், தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது முதல் காசு வாங்கிப் போடுவது வரை எல்லாம் இவர்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நிழலில் போட்டார். "தண்ணி தெறிக்குமுங்க. நோட்டைப் பார்த்துக்கோங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனங்கள் நன்றாகவே பேசினார்கள். ஒருவர், "ஏனுங்க, எலெக்சனுக்கு எடுக்கறதுங்களா?" என்று சந்தேகப்பட்டுத் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், "வண்டி நெம்ப நல்லா இருக்குதுங்க. கூட வந்து வாங்கிக் குடுத்த எம் மச்சான்தான் சரியில்லை. அவனுக்கு மார்க்குப் போட எடம் இருக்குதுங்களா?" என்றார். அவரை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இரண்டு நாள் குழப்பம்.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்து சராசரி போடுவேன். மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை ஞாயித்துக்கெழமைங்க?" என்பாள். "முப்பது பேராவது ஆகோணும்" என்றேன். முப்பது ஆனதும் அறுபது என்றேன். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்தாவது வாரம் அக்காவைக் கரூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள். வாடகைக் கார் வைக்கலாமா என்று அவளைக் கேட்கத் தோன்றவில்லை, நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறார் என்று வந்து சொன்னேன். "சரிங்க" என்றாள்.

ஏழாவது ஞாயிறு அங்கேயே உட்கார்ந்து கணக்கை முடித்தேன். மொத்தம் அறுபத்தொரு பேர். புறவழிச்சாலையில் கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கிற பெரிய கடைதான் முதலிடம். இருபத்து நான்கு பேர், சராசரி ஒன்பதுக்கு மேல். ஐந்தில் கடைசியாக வந்தது, தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்னக் கடை. அதன் ஸ்டிக்கர் உள்ள வண்டி மூன்றுதான் ஏழு வாரத்தில் கண்ணில் பட்டது. மூன்று பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று அதன்மேல் குறுக்குக் கோடு போட்டேன். மறுநாள் காலை பெரிய கடையில் முன்பணம் கொடுப்பதாகப் பேசியாகிவிட்டது.

விடைபெற எழுந்தபோது அந்தப் பெண்மணி குழாயை மூடிவிட்டு வந்தார்.

"முடிஞ்சுதுங்களா? எந்தக் கடைங்க மொதல்ல?"

பெருமையோடு சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கடை ஸ்டிக்கரைத்தான் நான் மாசத்துக்கு நாலு அஞ்சு சொரண்டறனுங்க" என்றார்.

"சொரண்டறதுன்னா?"

"புடிக்காதவன் அந்தப் பேரை எதுக்குங்க முதுகுல தூக்கிட்டுத் திரியறான்? வண்டி மக்கர் பண்ணுனா, இங்க வந்து மொதல் வேலையா, 'அக்கா, இதைக் கிழிச்சு எறிங்க'ம்பான். பிளேடும் மண்ணெண்ணெயும் அதுக்குன்னே வெச்சிருக்கறன். நீங்க ஸ்டிக்கர் இருக்கற வண்டியாப் பார்த்துப் பார்த்துப் போனீங்க. எல்லாரும் நல்லபடியாத்தானே சொல்லுவாங்க?"

நோட்டைப் பிரித்தேன். ஸ்டிக்கர் இல்லாத வண்டிகளையும் நான் எண்ணாமல் விட்டிருக்கவில்லை. முப்பத்தெட்டு. எதிரே என் கையெழுத்திலேயே 'பொருந்தாது' என்று எழுதியிருந்தேன். பதவியில் இருந்தபோது, ரோட்டோரமாகச் செழித்து நிற்கிற வயலில் கயிறு கட்டிவிட்டுக் கணக்கு எழுதிவரும் இளையவர்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! குலுக்கலில் வந்த சர்வே எண்ணுக்குரிய வயல் முள்ளுக்குள் இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"ஸ்டிக்கர் இல்லாதவங்க எல்லாருமே அப்பிடி இல்லீங்க. சொந்தக்காரங்ககிட்ட வாங்குனவங்களும் இருப்பாங்க" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். பிறகு, காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் காரின் பின்னால் கூட்டிப்போனார். சாய்ந்து பார்த்தால் கண்ணாடியில் ஒரு சதுரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பசை போன இடம். வண்டிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எந்தக் கடை என்று கேட்டேன். என் நோட்டில் முதலிடம் பெற்ற கடையைச் சொன்னார்.

"ஆறு மாசத்துல மூணு தடவை ரோட்டுல நின்னுருச்சுங்க. ஒருக்கா எம் பொண்ணு பரிச்சைக்குப் போறப்ப. போன் பண்ணுனா, 'சார் மீட்டிங்ல இருக்கறாரு'ங்கறான். அஞ்சு மாசமா அந்த மீட்டிங்கு முடியலை."

பழக்க தோஷம். பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"மார்க்குங்களா? பெரியவரே, நீங்க அந்தக் கடைக்கு வேல செய்யறீங்களா?" என்று கோபமாக டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தகரக் கொட்டகைக் கடையைப் பற்றி அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். "அவுருது நான் சொரண்டுனதே இல்லீங்க. ஆனா அவுரு கேக்கறவங்களுக்குத்தான் ஒட்டுவாரு. அதனால எத்தனை வண்டி வித்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு பதில், என் நாற்பது பக்கத்தைவிட ஒழுங்காக இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும், ஸ்டிக்கர் இல்லாத வண்டிகளாகப் பார்த்து எடுத்துவிடுகிறேன் என்றேன். மனைவி அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினாள்.

"இன்னும் மூணா? ஏனுங்க, நான் உக்காரப் போற வண்டியில நான் ஒருக்கா உக்காந்து பார்க்கக் கூடாதுங்களா? நாளைக்கு அந்தக் கொட்டாய்க் கடைக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க."

பெரிய கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆட்டோ வைத்துப் போனோம். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் ஒன்பது கேள்வியைத் தொடங்குமுன் அவர் என் மனைவியின் நடையைப் பார்த்துவிட்டார். "அம்மாதானுங்களா உக்காரப் போறது? அப்ப வெலையப் பொறகு பேசிக்கலாமுங்க" என்றவர், வரிசையாக ஒவ்வொரு காராகக் கதவைத் திறந்து அவளை உட்காரச் சொன்னார். முன்பு வந்தபோதே நான் ஆசைப்பட்டு வைத்திருந்த சிவப்பு வண்டியில் சீட்டுத் தாழ்வு. உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. "இது உங்களுக்கு ஆகாதுங்க, நீங்க கேட்டாலும் குடுக்க மாட்டன்" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நான்காவது, கொஞ்சம் உயரமான, சாம்பல் நிறச் சின்னக் கார். என் மனைவி மேல் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தாள், காலைத் திருப்பி உள்ளே வைத்தாள், மறுபடி வெளியே வைத்து எழுந்து நின்றாள். யாரும் கை கொடுக்கவில்லை. யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை ஏறி இறங்கினாள்.

"இடது பக்கக் கதவு மாத்துனதுங்க, லேசா இடிச்சிருக்கறாங்க. ஏசி சித்த நேரம் கழிச்சுத்தான் குளுரும். இந்த ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டீங்கன்னா எடுங்க. உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தும் காட்டுங்க" என்றார்.

மெக்கானிக்கை அழைத்துப் போனேன். பிறகு மனம் கேட்காமல் இன்னொரு மெக்கானிக்கையும் அழைத்துப் போனேன். இருவரும் அதே இரண்டு குறையைத்தான் சொன்னார்கள். ஒன்பதாவது நாள் வண்டி வீட்டு வாசலில் நின்றது. இன்று வரை ஒரு தடவையும் நடுவழியில் நிற்கவில்லை, ஏசி மட்டும் அவர் சொன்னபடியே.

முதல் பயணம் வேலூருக்குத்தான். வெற்றிலைக் கொடிக்காலைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியதுமே அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். "வந்துட்டியா சாமி" என்று தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வெளியே நின்று டயரில் காற்றைப் பார்த்தேன். அவளை விட்டுவிட்டு வந்து, ஐந்தாம் நாள் போய் அழைத்துவந்தேன்.

வரும் வழியில், "இந்த ரெண்டு மாசமும் நீ கொறைன்னு ஒண்ணும் சொல்லலை. பரவாயில்லைன்னு இருக்கறயாட்டம்னு நெனச்சன்" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ரெண்டாம் நாளு நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. நான் தனியா பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போனனுங்க. ஒரு பஸ் நின்னுது. படியில கால வெச்சுப் பார்த்தன், தூக்க முடியலை. கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். திரும்பி வந்துட்டன்."

"எங்கிட்டச் சொல்லலையே?"

"சொன்னா நோட்டுல பத்தாவது கேள்வின்னு ஒண்ணு சேர்ப்பீங்க, இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லலீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன்.

இப்போது மாதம் இரண்டு தடவை வேலூர் போய்வருகிறோம், நிம்மதியாக இருக்கிறோம். ஆனாலும் யாராவது வாயைத் திறக்காமல் இருந்தால், அவர்களுக்குக் குறையில்லை என்று நானாக எழுதிக்கொள்வதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க எழுபது வயதில்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.