அஸ்தா கழுவிய உரப்பெட்டி

ஏப்ரல் 30 — 9 டிகிரி
மே 7 — 10
மே 14 — 10
மே 21 — 11
மே 28 — 11
ஜூன் 4 — 12

1978ஆம் ஆண்டு அஸ்தா புன்கோரின் உரப்பெட்டிக்குள் நான் எடுத்த வெப்ப அளவுகள் இவை. ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு, முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தவை. நன்றாக மக்கும் குவியல் தானே சூடேறும். அதே நாட்களில் வேலிக்கு அப்பால் தோர்கிலின் குவியல் ஐம்பதைத் தாண்டியிருந்தது. மூவரும் அடுத்தடுத்த மனைக்காரர்கள். ஆர்ஹுஸ் நகரின் ஓரத்தில், ஆளுயர வேலிகளுக்குள், தோட்டம் போடச் சங்கம் வாடகைக்குத் தரும் நிலம், ஆளுக்கு முந்நூறு சதுர மீட்டர்.

அஸ்தா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஜன்னல் இல்லாத கூடம் அது. குடியிருந்தது நாலாம் மாடியில், பின்பக்கம். எங்கள் தோட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பதினோரு ஆண்டுகள் காத்திருந்து, அறுபத்திரண்டாம் வயதில் அந்த மனையைப் பெற்றார். முதல் நாள் பெட்டி படுக்கை எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு நாற்காலியை மட்டும் தூக்கிவந்து, நடு மண்ணில் போட்டு, மாலைவரை உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த வசந்தத்தில்தான் கழிவு அள்ளும் லாரி நின்றுபோயிற்று. அவரவர் கழிவை அவரவர் மனையிலேயே மக்கவைக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. நாற்றம் அடித்தால் கடிதம் வரும். இரண்டு கடிதங்கள் எச்சரிக்கை. மூன்றாவதில் முடிவு, மனை இருக்கிறதா இல்லையா என்று.

அஸ்தாவின் பெட்டி நாறியது. அழுகிய முட்டை நாற்றம். மே 22ஆம் தேதி முதல் கடிதம் வந்தது.

"அம்மணி, பெட்டியில என்ன வச்சிருக்கீங்க, போன வருஷத்து மீனா?" என்று தோர்கில் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் சுத்தமாத்தான் போடுறேன்."

"என் மூக்கு அப்படிச் சொல்லலியே."

"சுருட்டுப் புகையில ஊறின மூக்கு. அதை யாருய்யா கேட்டா?"

ஜூன் 7இல் இரண்டாவது கடிதம். ஜூலை 15 அன்று சங்கத்தினர் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று இருந்தது. அன்று மாலை அஸ்தா காபியைக் குடிக்காமலே கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

"ஐனர், இந்த இடம் போயிடுமா?"

"இன்னும் நாள் இருக்கே."

"எங்க வீட்டு ஜன்னல்ல வானம் மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷமா வானத்தையே பாத்தாச்சு."

சனிக்கிழமைகளில் நான் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். ஜூன் 10 அன்று அவளுக்குக் காய்ச்சல். நான் தோட்டத்துக்கு வந்தேன். சனிக்கிழமை என்றால் எங்கள் ஆட்கள் எல்லோரும் பழுப்பு சோப்பைக் கரைத்து வாசற்படியும் குடிலும் தேய்ப்பார்கள். அதனால் அஸ்தாவின் மனையிலிருந்து சோப்பு வாசனை வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்று எட்டிப் பார்த்தேன். உரப்பெட்டியைப் புல்லில் கவிழ்த்து, உட்பலகைகளை வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தொட்டியில் உருளைக்கிழங்குத் தோலும் முட்டை ஓடும் பிளீச்சிங் தண்ணீரில் மிதந்தன.

"என்ன பண்றீங்க?"

"சனிக்கிழமை ஆச்சே. கழுவுறேன்."

"உரப்பெட்டியையா?"

"பின்ன? நாறுதுன்னு ரெண்டு கடிதம் வந்திருக்கு. வாரம் தவறாம கழுவுறேன். மூடியையும் இறுக்கிக் கட்டி வைக்கிறேன். இன்னும் என்னதான் செய்யச் சொல்றீங்க?"

நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். "அஸ்தா, அதை மக்கவைக்கிறதே கிருமிங்கதான். நீங்க வாராவாரம் அதுங்களைக் கொன்னுக்கிட்டு இருக்கீங்க. காத்துப் புகாம மூடி, தண்ணியையும் தேக்கிட்டா நாறாம என்ன செய்யும்?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "முப்பத்தொரு வருஷமா அதுங்களைக் கொல்றதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

வேலிக்கு அப்பால் தோர்கில் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. அஸ்தாவின் முகம் சிவந்தது. வாளியை எடுத்துக்கொண்டு நேராக வேலிக்குப் போனார்.

"சிரிச்சது போதும், தோர்கில். உங்க அழுக்குல ஒரு வாளி குடுங்க."

"வாளி இப்படிப் பளபளங்குதே! என் புழுவெல்லாம் உள்ள இறங்கப் பயப்படுமே."

"உங்ககூடவே குடியிருக்குதுங்க. இதுக்கா பயப்படும்?"

தோர்கில் மூன்று வாளி கொடுத்தார்.

புதிதாக அடுக்கினோம். கிழித்த முட்டை அட்டை, வேலியில் கத்தரித்த தழை, கழுவாத காய்த்தோல், நடுநடுவே தோர்கிலின் பழைய உரம். மூடியில் துளை போட்டேன். அஸ்தா ரப்பர் கையுறையோடுதான் தொடங்கினார். பாதியில் ஒரு புழு கையுறைமேல் ஏறியது. அதையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இரண்டு கையுறையையும் கழற்றிப் போட்டார்.

ஜூன் 18 — 26. ஜூன் 25 — 49. ஜூலை 2 — 58.

58 என்று நான் சொன்னதும் நம்பாமல் வெப்பமானியைப் பிடுங்கி அவரே பார்த்தார். குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். குவியலைக் கிளறினால் ஆவி எழுந்தது. சலவைக்கூடத்து ஆவி மூச்சை அடைக்கும், இது அப்படி இல்லை என்றார்.

ஜூலை 15 அன்று மூவர் வந்தார்கள். தலைவர் கைக்குட்டையை முன்னதாகவே மூக்கருகே வைத்திருந்தார். அஸ்தா மூடியைத் திறந்தார். தலைவர் குனிந்தார், கைக்குட்டையை இறக்கினார், மறுபடி குனிந்தார்.

"மழை பெஞ்ச காடு மாதிரி இருக்கே."

"கையை விட்டுப் பாருங்க," என்றார் அஸ்தா. "கடிக்காது."

தலைவர் விட்டுப் பார்த்துவிட்டுச் சூடு பட்டுச் சட்டென்று எடுத்தார். குழு கூடித்தான் முடிவெடுக்கும் என்று சொல்லிவிட்டு மூவரும் போய்விட்டார்கள்.

அந்தக் காத்திருப்பில் அஸ்தா புதிதாக எதையும் நடவில்லை. பறித்த இடமெல்லாம் வெறும் மண்ணாகக் கிடந்தது. ஆனால் நாள் தவறாமல் வந்து குவியலைக் கிளறினார். பிறகு பதின்மூன்று கோடைகள் அந்த மண்ணில் கிழங்கு எடுத்தார். கடைசிவரை, விருந்தாளிகளுக்குக் காபி கொடுக்கும் முன் உரப்பெட்டியைத் திறந்து காட்டும் பழக்கம் அவருக்கு இருந்தது. கோப்பைகள் மட்டும் மருத்துவமனைத் தரத்தில் மின்னும். அவர் போன பிறகு அந்த மனையில் வேறு யாரோ இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் முடிவு தபாலில் வந்தபோது அஸ்தா வாசலில் நின்றபடியே பிரித்தார். இரண்டு முறை படித்து, மடித்து, மேலங்கிப் பையில் வைத்தார். பிறகு வேலியைப் பார்த்துக் கத்தினார்: "தோர்கில், கோஸ் நாத்து மிச்சம் இருக்கா? இருபது வேணும்!"

அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள் 1978 ஆகஸ்ட் 2, புதன்கிழமை.