கோதாவில் நடந்த கல்யாணம்

திண்டிவனம் கடைத்தெருவின் நடுவில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டிகளை ஒட்டி, தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை ஒன்று இருந்தது. யுத்த காலத்தில் ஒரு மண்டி முதலாளி மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. யுத்தம் முடிந்தது, முதலாளியும் காலமானார். அவருடைய மகனுக்கு மல்லாட்டையைவிடக் குஸ்தியில் ஆசை அதிகம். மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, நடுவில் அகலமாகக் குழி வெட்டி, சலித்த செம்மண்ணில் நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் விட்டுக் கிளறி, பயில்வான்கள் மோதுவதற்குக் கோதா அமைத்தார். சுற்றிலும் சவுக்குக் கட்டைகளில் கேலரி எழும்பியது. ஊர் அதற்குக் குஸ்திக் கொட்டகை என்று பெயர் வைத்தது.

குஸ்தி என்னவோ எப்போதாவதுதான். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துப் பூப்பந்துப் போட்டியை அங்கே நடத்துவார்கள். அம்மை குத்த வருகிறவர்கள் அங்கே மேசை போடுவார்கள். ஒரு சமயம் வெளியூர்க்காரர் ஒருவர் கீழே இறங்காமல் கோதாவைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓட்டினார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே நடந்தன. ஊரே போய்ப் பார்த்தது. பின்தெருவிலேயே குடியிருந்த நாங்கள் மட்டும் போகவில்லை. அப்பாவுக்கு அந்த இடம் ஆகாது. மண்டியில் தராசு பார்க்கும் அவர் சத்தம் பிடிக்காத மனிதர். குஸ்தி நாளின் விசிலும் கூச்சலும் பெண்கள் இருக்கும் தெருவுக்கு அடுக்காது என்று, கொட்டகையை மூடச் சொல்லித் தெருக்காரர்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. மனு என்ன ஆயிற்றோ, கூச்சல் நிற்கவில்லை.

எனக்கு எட்டு வயதான வருஷம் ஐப்பசியில் அக்காவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அது இரண்டாவதாக அமைந்த சம்பந்தம். முதலில் நிச்சயம் செய்துகொண்டு போன விழுப்புரத்துக்காரர்கள், மறுவாரமே தங்கள் வீட்டுக் கறவை மாடு செத்துப்போனதற்குப் பெண்ணின் ராசிதான் காரணம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அந்த மாடு எங்கள் அக்காவைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. அதன் பிறகு வெகுநாள் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கடைசியில் வளவனூரிலிருந்து கரும்பு போடும் குடும்பம் ஒன்று வந்து, அக்காவைப் பார்த்து, சரி என்றது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில்தான் கல்யாணம் நடக்கும். அவர்கள் அப்போது வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்ததால், பெண் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிடித்த மழை விடவே இல்லை. முந்தின நாள் காலையில் பந்தல் மொத்தமாகச் சாய்ந்து தெருவில் படுத்தது. வாழைமரங்கள் தண்ணீரில் மிதந்தன. சத்திரத்தைக் கேட்கலாம் என்று பெரியப்பா ஓடினார். ஏரிக்கரைக் குடிசைகளில் வெள்ளம் புகுந்து, அந்த ஜனங்கள் பூராவும் சட்டி பானையோடு சத்திரத்தில் வந்து இறங்கியிருந்தார்கள். பெரியப்பா தலையைத் துவட்டியபடி, "தேதிய தள்ளி வச்சிடலாம்பா. வேற இன்னா பண்றது, மழைய புடிச்சி நிறுத்தவா முடியும்" என்றார்.

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

"தள்ளி வச்சா இன்னா பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?" என்றாள். "மாட்டுக்கே எம்பொண்ணு மேல பழி போட்டாங்க. மழைக்கு உடுவாங்களா?"

அக்கா உள்ளே மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சிறிது நேரம் மழையையே பார்த்திருந்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"குஸ்திக் கொட்டகை மேட்டுல தானே இருக்குது. அங்க ஒழுகாது. போயி கேட்டுக்கினு வாங்க."

"கோதாவுலயா பொண்ண கட்டிக் குடுப்பாங்க?" என்றார் பெரியப்பா.

"ஏன், அங்க தாலி ஏறாதா?"

அப்பாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மா என்னையும் அவரோடு அனுப்பினாள். துணைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பாதி வழியில் திரும்பிவிடுவார் என்ற சந்தேகத்தில்தான் அனுப்பினாள் என்று பின்னாளில் அவளே சொன்னாள். அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார். கொட்டகை வாசலில் மறுநாள் சாயங்காலக் குஸ்திக்கான சுவரொட்டி நனைந்து தொங்கியது. மதராஸ் பயில்வான் ஒருவரும் எங்கள் ஊர்ப் பயில்வான் ஒருவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு முறைத்தார்கள். இந்த வாசலுக்குள் போகிறவர்கள் யாரையாவது கீழே தள்ளியாக வேண்டும் என்று நான் நம்பியிருந்த காலம் அது. அப்பா யாரைத் தள்ளுவார் என்று கவலையாக இருந்தது.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் குஸ்தி கற்றுக்கொடுக்கும் வஸ்தாது. கோட்டக்குப்பத்துக்காரர். ஊரில் எல்லோரும் பாய் என்பார்கள். நரைத்த தாடி, பனைமரத் தூர் மாதிரி கழுத்து. அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா கும்பிட்டார். மழையைப் பற்றிப் பேசினார். ஏரியைப் பற்றிப் பேசினார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. நான்தான் தோளிலிருந்தபடி, "எங்க அக்காவுக்கு இங்க கல்யாணம் பண்ணணுமாம்" என்றேன்.

வஸ்தாது டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கி மனு குடுத்தது நீங்கதானே?"

"ஆமாங்க பாய்" என்றார் அப்பா. அவர் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது.

"மனுவ பத்தி இன்னொரு நாளிக்குப் பேசிக்கலாம். முகூர்த்தம் எத்தினி மணிக்கி?"

"காலைல ஒம்போதுலேருந்து பத்தரை."

"சாயங்காலம் நாலு மணிக்கி குஸ்தி இருக்குது. மதராஸ் பயில்வான் வந்துட்டாரு, டிக்கெட்டும் வித்தாச்சி. அத நிறுத்த முடியாது. அதுக்குள்ள முடிச்சிக்குவீங்களா?"

அப்பா தலையாட்டினார். திரும்பும்போது என்னைத் தோளில் சுமந்தபடியே, மழை நின்றது போல நிமிர்ந்து நடந்தார்.

வஸ்தாது கோதாவின் மேல் பலகைகள் அடுக்கச் சொன்னார். பெண்கள் அந்த மண்ணை மிதிப்பது பயில்வான்களிடம் வழக்கமில்லை. பலகை மேல் மிதிப்பது மண்ணை மிதித்ததாகாது என்று அவரே தீர்ப்பும் சொன்னார். பயில்வான்கள் தண்ணீரிலிருந்து வாழைமரங்களை இழுத்துவந்து, பூப்பந்து வலை கட்டும் கம்பங்களில் கட்டினார்கள். சமையலுக்குப் பின்பக்கத் தாழ்வாரம் கிடைத்தது. எல்லாம் அமைந்தது, மாப்பிள்ளை வீட்டாரைத் தவிர. சாயங்காலமே வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை. மறுநாள் விடிந்தும் வரவில்லை. விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது, பஸ் லாரி எதுவும் வரவில்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எட்டு மணிக்கு அக்காவைக் கூறைப்புடவையில் அழைத்துவந்து பலகை மேல் உட்கார வைத்தார்கள். கேலரியில் உறவுக்காரர்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மெதுவாக, "அவுங்களே மனசு மாறி நின்னுட்டாங்களோ என்னமோ" என்றார். தகரத்தில் விழுந்த மழையை மீறி அது எப்படித்தான் எல்லோருக்கும் கேட்டதோ. அக்கா தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். அம்மா நேராக வஸ்தாதுவிடம் போய் நின்றாள். அவ்வளவு நாளும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவள்.

"பாய், அவுங்க பாலத்துக்கு அந்தாண்டதான் நின்னுக்கினு இருப்பாங்க. வராம போற ஜனங்க இல்ல. யாரயாவது அனுப்ப முடியுங்களா?"

வஸ்தாது கைதட்டிச் சிஷ்யர்களைக் கூப்பிட்டார். "ஜல்தி போங்கடா. மண்டி லாரிய எடுத்துக்கினு போங்க. தண்ணி இடுப்புக்கு மேல இருந்தா எறங்காதீங்க" என்றார். சாயங்காலம் மோத வேண்டிய உள்ளூர்ப் பயில்வானும் லாரியில் ஏறினார். மதராஸ் பயில்வான் கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. ஐயர் ஹோமத்துக்கு அடுக்கிய செங்கல்லைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். அம்மா ஒரு தூணைப் பிடித்தபடி நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பத்தைத் தாண்டி வெளியே லாரியின் ஹாரன் கேட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. வேறு லாரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் போலிருக்கிறது. பிறகு வாசலில் உள்ளூர்ப் பயில்வான் தெரிந்தார். அவர் தோளில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தரைப்பாலத்துத் தண்ணீரைக் கடக்கத் தோளில் ஏற்றியவர், அங்கிருந்து லாரியில் வந்து இறங்கிய பிறகும் அதே நினைப்பில் மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் மதராஸ் பயில்வான், மாப்பிள்ளையின் அம்மாவை ஒரு நாற்காலியோடு தூக்கி வந்து மெல்ல இறக்கினார். கேலரி முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா சேறு படிந்த வேட்டியோடு உள்ளே வந்து நின்று, கேலரியைப் பார்த்தார், சுவரில் சாத்தியிருந்த கர்லாக்கட்டைகளைப் பார்த்தார், பலகைகளுக்கு அடியில் தெரிந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, இது குஸ்தி போடற எடமாச்சே" என்றார்.

அப்பா அவர் பக்கம் ஓடினார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நம்மள தூக்கியாந்த புள்ளைங்க எடம்தானே இது? நேரமாவுது. செருப்ப கழட்டிட்டு உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். மாப்பிள்ளை ஒரு பயில்வானின் உலர்ந்த வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டார். அது அவரை இரண்டு சுற்று சுற்றியது. மேளக்காரர்கள் வந்து சேரவே இல்லை. ஐயர் மழைச் சத்தத்தோடு போட்டி போட்டு மந்திரம் கத்தி, கையை உயர்த்திக் கெட்டிமேளம் கேட்டபோது, குஸ்திக்கு மேளம் அடிப்பவர்தான் தன் மேளத்தை எடுத்து வெளுத்து வாங்கினார். தாலி ஏறியதும் பயில்வான்கள் பழக்கதோஷத்தில் விசிலடித்தார்கள். அப்பா அட்சதை போட்ட கையைக் கீழே போடாமல் அவர்களைப் பார்த்தார். பிறகு, எனக்கு நன்றாகத் தெரியும், சிரித்தார்.

மதியம் மழை கொஞ்சம் விட்டது. மறுபடி தண்ணீர் ஏறுவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். அழுவதற்கு அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை. லாரியின் முன்சீட்டில் ஏறி, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "வர்றேன் பாப்பா" என்றாள். அவ்வளவுதான். லாரி போய்விட்டது. அவள் பக்கத்தில் படுக்காமல் நான் தூங்கியதே கிடையாது.

நாலு மணிக்கு வஸ்தாது சொன்னபடி குஸ்தி தொடங்கியது. மழை திரும்பவும் வலுத்துவிட்டதால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாரும் போகவில்லை. பெண்கள் எல்லோரும் கேலரியில் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அந்தக் கொட்டகையில் பெண்கள் குஸ்தி பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா வஸ்தாதுவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பலகைகளை எடுத்துவிட்டார்கள். பயில்வான்கள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு இறங்கினார்கள். தொடையைத் தட்டினார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்தார்கள். அதோடு சரி, நகரவில்லை. பந்தியில் உட்காரக் கூடாது என்று வஸ்தாது படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் தூக்கிக்கொண்டு வந்தவர்களை வெறும் வயிற்றோடு விடுவதா என்று அம்மாவே நின்று பரிமாறியிருந்தாள். வடையும் பாயசமும் நிறைந்த வயிறுகளோடு இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். மதராஸ் பயில்வானுக்குப் பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். "சண்ட போடுங்கடா, பேஜாரா போச்சு" என்று வஸ்தாது தலையில் அடித்துக்கொண்டார். உள்ளூர்ப் பயில்வான் காலை வாரப் பார்த்தார். இருவரும் அப்படியே மெதுவாகச் சேர்ந்து சரிந்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா சிரித்தாள். முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானை நழுவிவிட்டது. உடம்பெல்லாம் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வழிய, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"அக்கா போயிட்டாம்மா" என்றேன்.

"போயிட்டாடி" என்றாள் அம்மா. "நல்லபடியா போயிட்டா." சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

அக்காவை அவளுக்குப் பிடிக்காமல் போனது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கேலரியில் இரண்டு படி மேலே ஏறி, அவள் முதுகைப் பார்த்தபடி, என்னையும் இப்படி ஒருநாள் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு இவள் சிரிப்பாள் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோதாவில் எழுந்து நிற்க முயன்றவர்களைப் பார்த்து, "பாத்து தம்பி, மெதுவா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.