பானை கழுவியவன் வைத்த சூப்

பாத்திரம் கழுவுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: அடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்தே மேலே என்ன கொதித்தது என்று சொல்லிவிடலாம். ஒரு சங்கடமும் உண்டு: கொதித்ததை நாம் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம்.

துபாயில் ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடையில் ஒன்பது வருஷம் பானை கழுவினேன். கடைக்கார அம்மாவை நாங்கள் லான் அக்கா என்போம். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, தெளிந்த சூப் எடுத்து, அதில் அரிசி நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய கறி, மேலே பச்சை இலை போட்டுத் தருவார். ஃபோ என்று பெயர். நான் வேலைக்குப் போகும்போதே பானை கொதித்துக்கொண்டிருக்கும். முதலில் என்ன போட்டார், எப்படிப் போட்டார் என்பது எனக்குத் தெரியாது. மத்தியானம் ஒரு கிண்ணம் எனக்கும் வரும். அதுதான் தெரியும்.

ஊர் திரும்பி இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. திருவண்ணாமலையில் ஆசிரமம் பக்கம் ஒரு கஃபேயில், வார நாட்களில் தோசையும் பாஸ்தாவும் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருக்கிற என் வீட்டுப் பின்பக்கம் அந்த சூப்பு. கேள்விப்பட்டு ஏழெட்டுப் பேர் வருவார்கள். என் மனைவி செல்வி மாட்டுக்கறியைத் தொடமாட்டாள். தனி அடுப்பு, தனிப் பானை, பௌர்ணமி கிருத்திகையில் கூடாது என்று சட்டம் போட்டாள். ஒத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்து, அங்கே தின்ற ஏதோ ஒன்றுக்காக இங்கே ஏங்கிக்கொண்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டும். அதைவிட, ஒன்பது வருஷம் நான் எங்கே இருந்தேன் என்பதை செல்விக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். போனில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். "ம்" கொட்டுவாள், அவ்வளவுதான்.

மஞ்சள்

முதல் ஞாயிறு. எலும்பைக் கழுவினேன். நம் வீடுகளில் கறி என்று ஒன்று வந்தால் மஞ்சள்தூள் போடாமல் யாராவது கழுவியதுண்டா? யோசிக்கவே இல்லை, கை தானாகப் போட்டுவிட்டது. அரை ஸ்பூன்தான். லான் அக்காவின் சூப்பில் கிண்ணத்தின் அடியில் வரைந்திருக்கிற பூ தெரியும். என்னுடையது கல்யாண வீட்டுச் சாம்பார் நிறத்துக்கு வந்துவிட்டது. கொட்டவும் மனசில்லை, வாசலில் ஆளும் வந்துவிட்டது.

வந்தவர் ஓர் இத்தாலிக்கார அம்மா. பன்னிரண்டு வருஷமாக ஆசிரமம் பக்கம் வாடகைக்கு இருக்கிறார், தமிழ் நன்றாகப் பேசுவார். மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு கிண்ணத்தை வைத்தேன். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. கொஞ்சம் சாதம் இருக்குதா?"

எலும்பு

கறிக்கடை பாய் நல்ல மனிதர். ஆனால் அவர் அனுபவத்தில், கறி வேண்டாம் எலும்பு மட்டும் போதும் என்று வருகிறவர் வீட்டில் யாருக்கோ கால் உடைந்திருக்க வேண்டும். முதல் தடவையே யாருக்கு என்று கேட்டார். கடையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், வியட்நாம் கதையை எங்கே ஆரம்பிப்பது? வீட்டில்தான் என்று சொல்லிவைத்தேன். அப்படிச் சொன்னது என் தப்பு.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் செல்வியின் கால் நலமா என்று விசாரிப்பார். நல்ல மஜ்ஜை எலும்பாகப் பார்த்து எடுத்துத் தனியாக வைப்பார். நாலு மாசம் ஆனதும் அவருக்கே கவலை வந்துவிட்டது. டாக்டர் என்ன சொல்கிறார், வீட்டு வேலை யார் செய்கிறார்கள், நான் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறேன் என்றெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுப் பையை என் கையில் கொடுத்து ஒன்று சொன்னார். பொய் சொன்ன வெட்கத்தைவிட, அந்தச் சொல் என்னை அதிகமாகக் குத்தியது. செல்வி ஒன்பது வருஷம் காய்ச்சலோ தலைவலியோ எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டவள்.

"எலும்பு என்னாங்க எலும்பு, அது பாதிதான். கூட இருந்து பாத்துக்குங்க."

இடியாப்பம்

அந்த நூடுல்ஸ் நம் ஊரில் கிடையாது. சேமியா போட்டால் பாயசம் ஞாபகம் வருகிறது. அரிசிமாவுதானே என்று இடியாப்பம் பிழிந்தேன். கிண்ணத்தில் வைத்தபோது அழகாகத்தான் இருந்தது. கொதிக்கிற சூப்பை ஊற்றினேன். இத்தாலிக்கார அம்மாவைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் ஏழுமலைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவருக்குப் போன் வந்தது, இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்து ஸ்பூனால் கிளறினார். இந்தப் பக்கம் கிளறினார், அந்தப் பக்கம் கிளறினார்.

"இன்னாமோ வெச்சீங்களே அண்ணா, எங்க போச்சு அது?"

இலை

மேலே போடுகிற பச்சை இலைக்கு லான் அக்கா ஒரு துளசி வகை வைத்திருந்தார். நம் வீட்டில்தான் மாடத்தில் துளசி செழித்து நிற்கிறதே என்று கையை நீட்டினேன். செல்வி சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் சத்தம் போடவில்லை. ஜன்னலில் இருந்தபடியே என் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கை தானாகத் திரும்பி வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பின்பக்கத் திண்டில் ஒரு கட்டு இலை இருந்தது. திருநீற்றுப் பச்சிலை. ரோட்டோரம் தானாக முளைப்பது. கசக்கி முகர்ந்தேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டத்தட்ட லான் அக்கா கடை இலையே. அந்த இலையின் வாசனை எப்படி இருக்கும் என்று நான் செல்வியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, துணி உலர்த்திக்கொண்டே, திரும்பாமல் பதில் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். அத வுடுங்க."

கிண்ணம்

நூடுல்ஸை சென்னையில் இருந்து வரவழைத்தேன். மஞ்சளை மறந்தேன். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு எல்லாம் பானை அடியில் நான் பார்த்த கணக்குப்படியே போட்டேன். அப்படியும் அது வரவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. வாய்க்குத் தெரிந்தது, மூளைக்கு எட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தியானத்துக்கு வந்திருந்த ஒரு வியட்நாம் அம்மா கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். அறுபது வயது இருக்கும். கறி விட்டு ஆறு வருஷம் ஆகிறதாம். சாப்பிட வேண்டாம், கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் முன்னால் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். செல்வி பின்வாசல் கதவோரம் நின்று அவரையே பார்த்தாள். சூப்பு ஆறியதும் அவர் எழுந்தார். எனக்குப் பரீட்சை ரிசல்ட் மாதிரி இருந்தது. அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்.

"எங்கள் தெரு வரைக்கும் போய்விட்டேன். வீடுதான் தெரியவில்லை."

சட்டை

அவர் போனதும் நான் பானை முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் வேண்டாம், அடுத்த வாரத்தோடு விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். செல்வி உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். உள்ளே என் கடைச் சட்டை. முதல் லீவில் வரும்போது வேலை முடிந்த கையோடு விமானம் ஏறியதால் அந்த அழுக்குச் சட்டையோடே வந்தேன். திரும்பிப் போகும்போது காணவில்லை. ஒரு சட்டையைக்கூடப் பத்திரமாக வைக்கத் தெரியாதா என்று போனில் அவளைத் திட்டியிருக்கிறேன்.

அவள் அதைத் துவைக்கவே இல்லை. இத்தனை வருஷமாக. முகர்ந்து பார்த்தேன், பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. அதைச் சொன்னேன். வாசனை போய் ரொம்ப நாள் ஆகிறது, ஆனால் தனக்கு மறக்கவில்லை என்றாள். சட்டையில் முதலில் சுட்ட வெங்காய வாசனைதான் வருமாம், அப்புறம்தான் பட்டை, கடைசியில் அந்த இலை. நான் வைக்கிற சூப்பில் சுட்ட வாசனையே இல்லையாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பானை அடியில் தினமும் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருக்கும். லான் அக்கா கவனமில்லாமல் அடிபிடிக்க விடுகிறார் என்று முணுமுணுத்தபடி ஒன்பது வருஷம் சுரண்டியிருக்கிறேன். அது அடிபிடித்ததல்ல. வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்பில் கறுக்கச் சுட்டுப் போட்டதில் உதிர்ந்தது.

மறுவாரம் வெங்காயத்தையும் இஞ்சியையும் தன் அடுப்புத் தணலில் அவளே சுட்டாள், கத்திரிக்காய் சுடுகிற பக்குவத்தில் திருப்பித் திருப்பி. தட்டில் வைத்துக் கொடுத்தாள். நான் பானையில் போட்டேன். மத்தியானம் மூடியைத் திறந்தேன். குடித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. செல்வி தன் தட்டில் குழம்புச் சோறு போட்டுக்கொண்டு வந்து, இந்த அடுப்புப் பக்கம் வராதவள், படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆவி அவள் பக்கமாகத்தான் போனது. மூச்சை நன்றாக இழுத்தாள். நான் ஊர் திரும்பி அன்றைக்கு இரண்டு வருஷமும் சில மாசமும் ஆகியிருந்தது.

"இப்பதாங்க நீங்க வந்து சேந்தீங்க."

ஒன்பது வருஷம் பானையைக் கழுவியவனுக்குப் பிடிபடாத சூப்பு, ஒரு சட்டையைக் கழுவாமல் வைத்திருந்தவளுக்கு ஒரு வாய்கூடக் குடிக்காமலே தெரிந்திருந்தது என்பதை, பாத்திரம் கழுவுவதில் பெருமைப்படுகிற எங்கள் தொழில்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.