எங்க ஆளு ரெக்கார்டை உடைச்ச சேதி

போன வாரம் காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் வர்ற பஸ்ல எனக்குப் பின்சீட்டுல நாலு பசங்க உட்கார்ந்து, புதுசா வந்திருக்கிற உளவாளிப் படத்தோட வசூலைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தாங்க. கழுத்துல அடையாள அட்டை, ஏனாத்தூர் காலேஜ்ல படிக்கிற பசங்களா இருக்கும். எல்லா ரெக்கார்டும் காலியாம். இனிமே இதை ஒருத்தனும் தொட முடியாதாம். நானும் சந்தோஷமாத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன், ஏன்னா அது எங்க ஆளு படம். அப்ப அதுல ஒருத்தன், இந்த ஹீரோ முன்னாடி நடிச்ச உளவாளிப் படம் ஃபிளாப்புன்னு சொன்னான் பாருங்க, எனக்கு வந்துச்சே கோபம்! ஃபிளாப்பா? அந்தப் படம் வந்தப்ப நீ மூக்கு ஒழுகிக்கிட்டு மூணாங்கிளாஸ்ல உட்கார்ந்திருப்பே தம்பி, அது எப்பேர்ப்பட்ட வசூல்னு உனக்கு என்ன தெரியும்னு கேட்கத் திரும்பினேன். அவன் ரொம்ப மரியாதையா, "ஆன்ட்டி, ஜன்னலைச் சாத்தணுமா?"ன்னு கேட்டான். நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். அவன் எழுந்து வந்து சாத்திட்டுப் போனான். திருப்புலிவனம் தாண்டி உத்திரமேரூர் வர்ற வரைக்கும் காத்து வராத ஜன்னலோரத்துல வாயை மூடிக்கிட்டு வந்தேன்.

ஜன்னலைச் சாத்தினா எந்த பஸ்ஸுக்கும் ஒரு வாசனை வந்துடும். கல்யாணத்துக்கு முன்னாடி நான் வேலைக்குப் போன கம்பெனி பஸ்ஸுக்கும் ஒண்ணு இருந்துச்சு. விடியக்காலை குளிச்ச ஈரத்தலை, தேங்காயெண்ணெய், டிபன் பாக்ஸுலேர்ந்து ஒழுகின புளிக்குழம்பு, டிரைவர் ஏழுமலை அண்ணன் கண்ணாடிக்கு முன்னாடி தொங்க விட்டிருந்த எலுமிச்சம்பழ சென்ட்டு, எல்லாம் கலந்து அடிக்கும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு வாந்தி வரும். எங்களுக்கு அதுல தூக்கம் வரும். கார் வயர்களை ஒண்ணாக் கட்டி டேப் சுத்துற கம்பெனி அது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல நான் ஏறுவேன், திருப்புலிவனத்துல ஜோதி ஏறுவா. ராஜகுளம் தாண்டுறதுக்குள்ள பஸ் நிறைஞ்சிடும்.

ஜோதி என்னைவிட நாலஞ்சு வயசு சின்னவ. ஒல்லியா இருப்பா, குரல் மட்டும் ஊரைக் கூட்டும். முதல் நாளே என் பக்கத்துல உட்கார்ந்து, என் செல்போன்ல இருந்த எங்க ஆளு படத்தைப் பார்த்துட்டு, "அய்ய, இந்தாளா? எந்திரிச்சி வேற சீட்டுக்குப் போயிடட்டா?"ன்னு கேட்டா. அவ ஆளு வேற. அவனுக்கும் எங்க ஆளுக்கும் ஆகாது. அதாவது, அவனுங்க ரெண்டு பேரும் எங்கேயோ ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பானுங்க, ஆகாதது எங்களுக்குத்தான். அப்படிச் சொன்னவ வேற சீட்டுக்குப் போகவே இல்லை. அந்தக் கம்பெனியில இருந்த வரைக்கும் தினமும் அதே சீட்டு, தினமும் சண்டை.

எங்க ஆளு உளவாளியா நடிச்ச படம் வந்தப்பதான் சண்டை உச்சத்துக்குப் போச்சு. ஒரு விஷயம் சொன்னா சிரிப்பீங்க, நாங்க ரெண்டு பேருமே அந்தப் படத்தைப் பார்க்கலை. பொண்ணுங்க தனியா தியேட்டருக்குப் போறேன்னா வூட்ல செருப்புதான் பறக்கும். ஞாயித்துக்கிழமை ஓ.டி. வேற. ட்ரெய்லரை மட்டும் தேயத் தேயப் பார்த்து, மீதிக் கதையை நானே கட்டிக்குவேன். எங்க ஆளு எதிரி நாட்டுல சமையல்காரனா வேஷம் போட்டுப் போவான், ரகசியத்தை எடுத்துக்கிட்டு மாடி விட்டு மாடி தாவுவான். நான் கண்ணு விரியச் சொல்லிக்கிட்டிருப்பேன். ஜோதி கொட்டாவி விடுவா. "ஒளவாளின்னா ஒருத்தனுக்கும் தெரியக் கூடாதுக்கா. உங்காளு எறங்குற எடத்துல எல்லாம் நூறு பேரு ஆடிக்கினு கீறாங்க. அவன் இன்னா ஒளவாளி?" பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிச்சுட்டு, சிரிச்சதுக்காக இன்னும் கோபப்படுவேன்.

கம்பெனிக்குள்ள செல்போன் கூடாது, கேட்டுலயே வாங்கி வச்சிடுவாங்க. திரும்பக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் சிக்னல் செத்துக் கிடக்கும். அதனால ரிலீஸ் அன்னைக்கு வசூல் என்னன்னு எங்களுக்குச் சொல்ற ஆளு ஏழுமலை அண்ணன்தான். நாங்க உள்ளே டேப் சுத்துற நேரமெல்லாம் அவர் மரத்தடியில பஸ்ஸை விட்டுட்டு மத்த கம்பெனி டிரைவருங்ககிட்ட சேதி சேர்த்துக்கிட்டிருப்பார். நாங்க ஓடி வந்து ஏறுவோம். உடனே சொல்ல மாட்டார். எல்லாரும் உட்காரணும், கேட்டைத் தாண்டணும், ரெண்டாவது கியர் போடணும், அப்புறம்தான் வாயைத் திறப்பார். அன்னைக்கு ஒரு கோடிக் கணக்கைச் சொல்லி, இதுவரைக்கும் எவனும் தொடாத ரெக்கார்டுன்னார். நான் சீட்டு மேல ஏறி நின்னு கத்தினேன். யோசிச்சுப் பார்த்தா பைத்தியக்காரத்தனம்தான். எங்க சம்பளத்துல நூறு ரூபா ஏத்தச் சொல்லிக் கேட்க எங்க ஒருத்திக்கும் வாய் வராது. எவனோ சம்பாதிச்ச கோடிக்கு அப்படிக் கத்தினோம். ஆனா சொல்றேன், அன்னைக்கு ராத்திரி நான் ஜெயிச்சவளாத்தான் தூங்கினேன்.

ஒருநாள் வயர் லோடு வரலைன்னு மத்தியானமே லைனை நிறுத்திட்டாங்க. பஸ் காஞ்சிபுரத்துக்குள்ள நுழையுறப்ப ஜோதி திடீர்னு எழுந்து, ஏழுமலை அண்ணன்கிட்ட எங்களை இறக்கி விடச் சொன்னா. எதுக்குடின்னா, "எத்தினி நாளுதான் பாக்காத படத்துக்கு சண்டை போடறது? பேஜாரா கீதுக்கா, வா"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்தா. கம்பெனி நீலச் சட்டையோட போய் உட்கார்ந்தோம். படம் தூக்கப் போற நேரம், தியேட்டர்ல மொத்தமாப் பத்துப் பேர் இருந்தா அதிகம். எங்க ஆளு திரையில வந்தப்ப விசில் அடிக்க ஒருத்தன் இல்லை. எனக்கோ வெட்கம், வாயைத் திறக்க முடியலை. என் பக்கத்துலேர்ந்து ஒரு விசில் கிளம்பிச்சு பாருங்க, ரெண்டு விரலை வாயில வச்சு, காது கிழியுற மாதிரி. ஜோதிதான். நான் திரும்பிப் பார்த்தேன். "உனுக்காக அடிச்சேன். அவனுக்கு இல்ல"ன்னா.

படத்தோட கடைசிச் சண்டை சீன்ல என் மணிக்கட்டை அவ பிடிச்ச பிடியில வளையல் நெளிஞ்சு போச்சு. வெளியே வந்து எப்படிடி இருந்துச்சுன்னு கேட்டா, சுமாருங்கிறா. அப்புறம் ஒரு மாசம் அந்தப் படத்தைச் சீன் சீனா எடுத்து வச்சுக் கிழிச்சா. அவ்வளவு கவனமா நான்கூடப் பார்க்கலை.

அடுத்த பொங்கலுக்கு அவ ஆளு படம் வந்து எங்க ரெக்கார்டை உடைச்சுது. அந்த வாரம் முழுக்க ஜோதி எனக்கு கேன்டீன்ல நாஷ்டா வாங்கிக் கொடுத்து வெறுப்பேத்தினா. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சுன்னு எங்க லைனை மொத்தமா அனுப்பிட்டாங்க. கடைசி நாள் பஸ்ல எல்லாரும் யார் யார் எந்த கம்பெனிக்கு எழுதிப் போடறதுன்னே பேசிக்கிட்டு வந்தோம். திருப்புலிவனம் வந்துச்சு, அவ இறங்கினா. எனக்கு உத்திரமேரூர்லயே கல்யாணம் ஆச்சு, அவளைச் செய்யாறு பக்கம் கொடுத்தாங்க. முதல்ல ஒவ்வொரு ரிலீஸுக்கும் போன் போட்டுக் கத்திக்குவோம். பிறகு பொங்கல், தீபாவளிக்குன்னு ஆச்சு. பிறகு அதுவும் நின்னு போச்சு. ஏன் நின்னுச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை.

போன வாரம் அந்தப் பசங்களோட வந்த பஸ்ஸை விட்டு இறங்கி வூட்டுக்கு வந்ததும், எங்க ஆளு ஜெயிச்சுட்டான்னு வூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். நல்ல மனுஷன், டிவியைப் பார்த்துக்கிட்டே, "அதுல நமக்கு இன்னா வரப் போவுது?"ன்னார். பொண்ணுகிட்டச் சொன்னேன், அவ ஹோம்ஒர்க்ல இருந்தா. இத்தனை பெரிய சேதி, வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மொட்டை மாடிக்குப் போய் ஜோதிக்குப் போன் போட்டேன். அவ என்ன சொல்லுவா, நான் என்ன திருப்பிக் கொடுக்கணும்னு படியேறும்போதே தயார் பண்ணிக்கிட்டேன்.

நம்பர் மாறலை, எடுத்தா. பின்னாடி குக்கர் சத்தம். நான்தான்னதும், "அக்கா, நல்லா கீறியா? பாப்பா எத்தினாவது படிக்குது?"ன்னு கேட்டா. சொன்னேன். அவ மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னா. நான் அதையெல்லாம் அவசர அவசரமாத் தாண்டி, "உங்காளு ரெக்கார்டு காலிடி!"ன்னேன். பின்னாடி குக்கர் ரெண்டு விசில் அடிச்சுது. எந்தப் படம்னு அவ யோசிக்கிறது எனக்குப் புரிஞ்சுது.

"அப்டியா? உங்காளு படமா? நல்லா ஓடட்டும்க்கா"ன்னா.

நான் விடலை. அவ பேச வேண்டியதையெல்லாம் நானே எடுத்து விட்டேன். இதெல்லாம் பொய்க்கணக்குன்னு சொல்றாங்கடி, டிக்கெட் விலையை ஏத்திட்டாங்கடி, இத்தனை தியேட்டர்ல விட்டா எவன் படம்தான் ஓடாது, உங்காளு படம் கம்மி தியேட்டர்லயே ஓடிச்சே. எங்க ஆளை நானே அந்த வாங்கு வாங்கினேன். எதையாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அவ மேல வந்து விழுவான்னு பார்த்தேன்.

"எவனாவது எதுனா சொல்லுவான்க்கா. நீ அதெல்லாம் மனசுல வச்சிக்காத. உங்காளுதான் ஜெயிச்சான், போதுமா?" நிஜமாவே என்னைச் சமாதானப்படுத்தினா. அடுப்புல வேலை கிடக்குதுன்னு சொல்லி, வச்சிடட்டான்னு கேட்டுட்டு வச்சுட்டா.

கீழே போக மனசு வரலை, டேங்க் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன். வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு ஜோதியோட ஆளை நினைச்சுப் பாவமா இருந்துச்சு. அவன் படத்துக்கு இந்நேரம் எத்தனையோ பேர் எங்கெங்கேயோ கத்திக்கிட்டிருப்பாங்க, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா என்கிட்ட அவனுக்காகப் பரிஞ்சுக்கிட்டு வர்றதுக்கு இனிமே ஒருத்தியும் இல்லை.