பாத்திரத்தோடு போன தூண்டில்

புதிதாகத் தூண்டில் வாங்கியிருக்கும் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்தி: மீன் எங்கே கிடைக்கும் என்று தூண்டில்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். வைகை அணையில் உட்கார்ந்திருந்தவர் என்னை வீரபாண்டிக்குப் போகச் சொன்னார். வீரபாண்டியில் உட்கார்ந்திருந்தவர் வைகை அணைக்குப் போகச் சொன்னார். இரண்டு பேர் பையும் கனமாகத்தான் இருந்தது. நானும் நம்பி இரண்டு ஞாயிறு அலைந்தேன்.

மூன்றாவது ஞாயிறு காலையில் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கும் வெறுங்கையோட வந்தீகன்னா, அந்தக் கம்பைத் துணி காயப்போடக் கட்டிருவேன்."

சொன்னால் செய்கிறவள். தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருக்கோடியிலேயே முல்லையாறு. படித்துறையில் ஒரு அக்கா சோற்றுப் பானையைக் கவிழ்த்ததும், உலை கொதிப்பதுபோல மீன்கள் மொய்த்தன. தினமும் அந்த வழியாகப் போகிறவன், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தூண்டிலோடு இறங்கினேன்.

"பொம்பளைக பொழங்குற எடத்துல உங்களுக்கு என்ன சோலி?" என்றாள் அந்த அக்கா. "பாத்திரம் கழுவுறவகளுக்குத்தான் இங்கன எடம்."

நியாயம்தான். வீட்டுக்குத் திரும்பினேன். மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, தொட்டியில் கிடந்த பாத்திரம் அத்தனையையும் கூடையில் அள்ளிக்கொண்டு மறுபடி இறங்கினேன். படித்துறைப் பெண்கள் சிரித்து ஓய்ந்த பிறகு இடம் விட்டார்கள்.

"அடியத் தேய்ங்க. சும்மா தடவாதீக."

தேய்த்தேன். குக்கரில் ஒட்டியிருந்த பருக்கைகள் தண்ணீரில் போக, சோற்று உருண்டை செருகிய தூண்டில் முள்ளும் கூடவே போனது. கால் மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை. சந்தோஷத்தில் ஒரு கரண்டியை ஆற்றோடு விட்டுவிட்டேன்.

வீட்டில் மனைவி முதலில் குக்கரைத்தான் தூக்கிப் பார்த்தாள். அடுத்து கரண்டியைத் தேடினாள். மீனைக் கடைசியில்தான் பார்த்தாள்.

"கம்பை வச்சுக்கங்க. இனிமே ஞாயித்துக்கெழமைப் பாத்திரம் உங்களோடது."

அன்றிலிருந்து தூண்டிலும் பாத்திரமும் ஒரே கூடையில்தான் ஆற்றுக்குப் போகின்றன. போன ஞாயிறு, புதுத் தூண்டிலோடு ஒரு கல்லூரி மாணவர் படித்துறைக்கு வந்தார். என் கையிலிருந்த குக்கரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, மீனு எங்கன கெடைக்கும்?" என்று கேட்டார். கூடைக்குள் ஐந்து ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தன. வைகை அணைக்கு வழி சொன்னேன். உடனே நம்பிக் கிளம்பிவிட்டார். தூண்டில்காரரிடம் கேட்கக்கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள் போல; அதனால்தான் பாத்திரம் கழுவுகிறவனிடம் கேட்டார்.