ஹெல்மெற் உடைக்கும் இயந்திரம்

பொறியியல் படிப்பின் கடைசி ஆண்டில் நாங்கள் மூவர் சேர்ந்து ஹொக்கி ஹெல்மெற்றுகளை உடைத்துப் பார்க்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தோம். கனத்த இரும்புச் சுத்தியலை மேலே இழுத்து விட்டால் அது வீசிக்கொண்டு வந்து ஹெல்மெற்றில் மோதும். அதைச் செய்து காட்டினால்தான் பட்டம். என்னோடு இருந்தவர்களில் ஒருவன் அஜக்ஸ் என்ற பக்கத்து ஊரிலிருந்து ரயிலில் வரும் யாழ்ப்பாணத்துப் பெடியன். மற்றவன் ரொறன்ரோவிலேயே பிறந்த வெள்ளைக்காரன்.

முதல் அடியிலேயே ஹெல்மெற் சிதறியது. ஒரு துண்டு என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"கம்பிவலை போடாமல் இனி இதைத் தொடேலாது," என்றான் அஜக்ஸ்காரன் என்னிடம். அதையே ஆங்கிலத்தில் மற்றவனுக்கும் சொன்னான்.

வெள்ளைக்காரன் சிரித்தான். குண்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு இதற்கெல்லாமா பயம் என்று கேட்டான்.

அஜக்ஸ்காரனின் தமையன் ஷெல் விழுந்து செத்தவர். அது எனக்குத் தெரியும். கேட்டவனுக்குத் தெரியாது.

அஜக்ஸ்காரன் வெள்ளைக்காரன்மேல் பாய்ந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். மூக்கு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனின் விலாவில் உதைத்தான், திரும்பத் திரும்ப உதைத்தான்.

"விடு! அவன் செத்துப்போவான், விடடா!"

என்று கத்திக்கொண்டு நடுவில் புகுந்தேன். அடுத்த குத்து என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்றை இரத்தத்தோடு கையில் துப்பினேன். அதைக் கண்ட பிறகுதான் அவன் நின்றான்.

பேராசிரியர் விசாரித்தபோது அஜக்ஸ்காரன் அடித்ததையும் சொன்னேன், வெள்ளைக்காரன் கேட்டதையும் சொன்னேன். அஜக்ஸ்காரன் அந்த ஆண்டு முழுவதும் பட்டறைக்குள் வரக்கூடாது என்றார்கள்.

படிக்கட்டில் என்னை மறித்தான். "நீ எங்கட ஆள் எண்டெல்லோ நினைச்சனான்."

"உடைஞ்சதும் எங்கட ஆளின்ரை பல்லுத்தான்," என்றேன். வாய் வீங்கியிருந்ததால் சொற்கள் குழறின. அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப்போனான்.

நானும் வெள்ளைக்காரனும் கம்பிவலை போட்டு வேலையை முடித்தோம். கேட்டது பிழைதான் என்று அவன் ஒருநாள் சொன்னான். "அதை அவனிட்டைச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். சொன்னானா தெரியாது.

அடுத்த ஆண்டு அஜக்ஸ்காரன் வேறு குழுவோடு அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தான். செய்து காட்டும் நாளில் போய்ப் பின்னால் நின்றேன். முடிந்ததும் நேரே என்னிடம் வந்தான்.

"வந்தனீயோ?"

"ஓம்."

"கன்ரீனிலை ஏதும் குடிப்பம், வாறியோ?"

போனேன்.