பிடரியில கிடந்த எண்ணெய்

நான் இந்த வேலைக்கு வந்ததே ஆக்களோட சேர்ந்து நிக்கத்தான். என்ர மனுசன் போய்ச் சேர்ந்திட்டார். மகன் மெல்பேர்னில குடும்பமாகிட்டான். கொழும்பில, வெள்ளவத்தை ஃபிளட்டில காலமை எழும்பினா ஃபிரிட்ஜ் இரையிற சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. முதுகு நோவெண்டு போக, தண்ணிக்குள்ள நிண்டு உடற்பயிற்சி செய்யச் சொல்லி டொக்டர் அனுப்பினவர். அங்க நெஞ்சளவு தண்ணியில கொஞ்சப் பொம்பிளையள் கையை வீசிக்கொண்டு ஆளையாள் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டினம். முதுகு நோ மாறுதோ இல்லையோ, எனக்கு வேண்டியது இதுதான் எண்டு பட்டிட்டுது. நோ மாறின பிறகும் விட மனம் வரேல்லை. இதையே படிப்பிக்கிற ஆளாகிறதெண்டு பயிற்சிக்குப் போனன்.

கொட்டாஞ்சேனையில ஒரு நீச்சல் தடாகத்திலதான் அந்தப் பயிற்சி. எங்களுக்குள்ள ஒராள் ஒராளாப் படிப்பிச்சுக் காட்டவேணும். என்ர முறை வர, நான் ஆசை ஆசையாத் தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு துவங்கினன். பயிற்சி தந்த மனுசி கரையில நிண்டு கையைத் தட்டினா. "ஏறுங்கோ, ஏறுங்கோ! உள்ளுக்க நிண்டா உங்கட காலை ஆர் பாக்கிறது?"

அதுவும் நியாயம்தான். படிப்பிக்கிற ஆள் கரையில நிக்கவேணும். காய்ஞ்ச உடுப்போட, கதிரையைப் பிடிச்சுக்கொண்டு, காலைத் தூக்கிக் காட்டவேணும். கரையில காலைத் தடுக்கிறதுக்குத் தண்ணி இல்லை, கால் பறக்கும். நான் பறக்கவிட்டா, தண்ணிக்குள்ள நிக்கிறவை என்ர வேகத்தைப் பிடிக்கிறதுக்காக அரைகுறையாக் காலை ஆட்டுவினம். அதில ஒரு பிரயோசனமும் இல்லை. தண்ணி எவ்வளவுக்கு விடுதோ அந்த வேகத்திலதான் நானும் அசையவேணும், எனக்கு முன்னால இல்லாத தண்ணியைத் தள்ளிக்கொண்டு. அட கடவுளே, ஆக்கள் வேணுமெண்டு ஒரு தொழிலைப் பிடிச்சா, அதுவும் தனிய நிக்கிற தொழிலாப் போச்சு.

வெள்ளவத்தையில ஒரு அடுக்குமாடியின்ர மொட்டைமாடித் தடாகத்தில எனக்கு வகுப்புக் கிடைச்சுது. வேலைக்குப் போறவை போன பிறகு, பொம்பிளையளுக்கு மட்டும். ரீசேட்டும் லெக்கின்சும் போட்டுக்கொண்டு வருவினம். இறங்கினவுடன சுவரோடயிருக்கிற கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கதைக்கத் துவங்கிடுவினம். லண்டன் மருமகள், கோயில் கொடியேற்றம், மீன் விலை. "வாயையும் விடுங்கோ, கம்பியையும் விடுங்கோ!" எண்டு கத்துவன். எனக்குக் கோவக்காரி எண்டு பேர். வகுப்பு முடிய அவை கூட்டமாப் பிளேன்ரீ குடிக்கப் போவினம். மிஸ்ஸை ஆர் கூப்பிடுறது? நான் கதிரையை மடக்கி வைச்சிட்டு வீட்டை போவன்.

ஒரு வெள்ளிக்கிழமைதான் அவ வந்தா. அறுபது தாண்டின மனுசி, கையில ஊண்டுற பொல்லு, இரண்டு முழங்காலும் வீக்கம். புருசன் இல்லை, ஹெவ்லொக் டவுனில தனிய இருக்கிறவ. மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைப் பிடிச்சா. கொஞ்ச நேரத்தால அவவைச் சுத்தித் தண்ணி மினுங்கத் துவங்கிச்சு. தடாகத்தைப் பாக்கிற சிங்கள ஐயா ஓடிவந்து, "நோனா, தெல்! தெல்!" எண்டு கத்தினார். சிங்களத்தில நோனா எண்டா அம்மணி, தெல் எண்டா எண்ணெய்.

வெள்ளிக்கிழமை எங்கட பொம்பிளையள் தலைக்கு எண்ணெய் வைச்சுத் தோயிற, அதுதான் தலை முழுகிற நாள். இவ உச்சியில இருந்து பிடரி மட்டும் நல்லெண்ணெயை ஊத்தித் தேய்ச்சுக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறா.

"எப்பிடியும் தண்ணிக்குள்ள இறங்கிறதுதானே மிஸ், அப்பிடியே தோய்ஞ்சிட்டுப் போவமெண்டு..."

"இதென்ன உங்கட வீட்டுக் கிணத்தடியே?" நான் சன்னதமாடினன். வகுப்பு கலைஞ்சுது. மற்றவை வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவை.

குளியலறையில அவவாலை நிண்டு தலை கழுவ ஏலேல்லை, முழங்கால் நடுங்கிச்சு. எரிச்சலோட ஒரு ஸ்ரூலை இழுத்துப்போட்டு அவவை இருத்தி, நானே தேய்க்கத் துவங்கினன். கழுவக் கழுவப் பிடரியில எண்ணெய் கிடந்துது. அவ கண்ணை மூடிக்கொண்டு சொன்னா, "என்ர தலையில இன்னொராளின்ர கை பட்டு எவ்வளவு காலம்."

எனக்குக் கோவம் எங்க போச்சுதோ தெரியாது. என்ர கையும் ஒராளிலை பட்டு அவ்வளவு காலம்தான்.

அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமையள் மாறிச்சுது. முதல் வகுப்பு, பிறகு என்ர ஃபிளட். அவவுக்கு நான் எண்ணெய் வைப்பன், எனக்கு அவ வைப்பா. ஆளுக்காள் சீயாக்காய் போட்டுத் தேய்ச்சு ஊத்துவம். "பொறு பிள்ளை, பிடரியில இன்னும் கிடக்கு" எண்டு அவ எப்பவும் ஒரு வாளி கூட ஊத்துவா. பிறகு மரக்கறிச் சோறும் கதையும். வகுப்பில மிஸ், வீட்டில பிள்ளை. எனக்கு அவ அக்கா.

ஒருநாள் எண்ணெய் வைக்கேக்க அழுதா. ரொறன்ரோவில மகள் பிள்ளைத்தாச்சி. எத்தினையோ வருசம் காத்திருந்து வந்த முதல் பிள்ளை. பிள்ளை பெத்த உடம்புக்கு மருந்துச் சரக்குக் காய்ச்சிக் குடுக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, தான் போகவேணுமெண்டு தவிக்கிறா. மகளோ, "அம்மா, இஞ்ச வீடு முழுக்க மாடிப்படி. பிறகு உங்களைப் பாக்கவும் ஒராள் வேணும், வராதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டாளாம்.

"என்னைப் படி ஏற வைப்பியோ பிள்ளை?"

"வைப்பன் அக்கா" எண்டன். சொன்ன பிறகுதான் விளங்கிச்சுது. அவ ஏறினா, போயிடுவா.

ஆனா படிப்பிக்கிறதில எனக்குக் கள்ளம் வராது. குதிக்கால் நிலத்தில முழுக்கப் படவேணும், முழங்கால் இடுப்பளவுக்கு வரவேணும், இறக்கேக்கயும் தண்ணியை அமத்தி இறக்கவேணும். மிதக்கிறது சுகம், ஆனா மிதந்தா கால் பலக்காது. "கம்பியை விடுங்கோ அக்கா!" எண்டு ஒவ்வொரு வகுப்பும் தொண்டை கிழியக் கத்தினன். ஒரு விரலில தொட்டுக்கொண்டு நிண்டா. பிறகு அதையும் விட்டா. என்ர ஃபிளட் மூண்டாம் மாடி. முதலில லிஃப்டில வந்தவ, பிறகு ஒரு மாடி ஏறி மிச்சத்துக்கு லிஃப்ட் பிடிச்சா.

ஒரு வெள்ளி கதவு தட்டிக் கேட்டுது. திறந்தா, பொல்லும் இல்லை, லிஃப்டும் இல்லை, மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. "வா, கீழ போய்த் திரும்ப ஏறுவம், மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பு!" எடுத்தன். எனக்குள்ள இருந்த படிப்பிச்சவளுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேலாமல் இருந்துது. தனிய மிஞ்சப்போற மற்றவளுக்கு அதை அனுப்ப விரல் வரேல்லை, எண்டாலும் அனுப்பினன். வீடியோவைப் பாத்திட்டு மகள் உடனேயே ரிக்கெற் போட்டிட்டாள்.

கடைசி வகுப்பில அவ தண்ணியை விட்டு ஏறி, கரையில என்ர கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. "மிஸ், இண்டைக்கு நீங்கள் இறங்குங்கோ." எல்லாரும் கைதட்டிச்சினம். இறங்கினன். என்ர குரலிலயே கத்தினா, "வாயையும் விடுங்கோ, கம்பியையும் விடுங்கோ! ஆறுதலா, தண்ணி விடுற அளவுக்கு!" அவ்வளவு பொம்பிளையளுக்கு நடுவில நெஞ்சளவு தண்ணியில நிண்டு, அவவைப் பாத்துப் பாத்துக் காலைத் தூக்கினன். சிரிக்கவெண்டு வாயைத் திறந்தன், அழுகைதான் வந்துது.

போன வெள்ளிக்கிழமை அங்கயிருந்து அக்கா போன் எடுத்தவ. பேத்தி பிறந்திட்டாள். "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல ஏறிறன் பிள்ளை, கம்பி பிடிக்கிறேல்லை!"

"ஐயோ அக்கா, குழந்தையோட ஏறேக்க பிடியுங்கோ!" எண்டு நான் கத்த, இரண்டு பேரும் சிரிச்சம். பிறகு அவ சொன்னா, "மகள் என்னை இனி இஞ்சயே இருக்கட்டாம்."

"நல்லதுதானே அக்கா" எண்டன்.

"தோய்ஞ்சிட்டியோ?"

"ஓம், இப்பதான்."

"பிடரியில எண்ணெய் போயிட்டுதோ?"

"போயிட்டுது அக்கா" எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சன். கையைப் பின்னால விட்டுத் தடவிப் பாத்தன். அப்பிடியே கிடந்துது.